வாசகர் கேள்வி – பதில்: டிவிடி வட்டுகளைத் தரம் குறையாமல் கணினியில் சேமிப்பது

வீட்டில் இருக்கும் டிவிடி வட்டுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றித் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் இம்முறை மிகுதியாக இருந்தமையால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அப்பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: விலைக்கு வாங்கிய தமிழ்ப் படங்களின் டிவிடிகள் என்னிடம் நாற்பது வரை இருக்கின்றன. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் வட்டு போடும் வசதியே இல்லாததால், கடையில் கொடுத்துச் சில படங்களைப் பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். ஒரு படத்துக்கு 700 எம்பி என்ற கணக்கில் மாற்றித் தந்தார்கள். வட்டாகப் போட்டுப் பார்த்தபோது தெளிவாக இருந்த படம், இப்போது 43 அங்குல டிவியில் கட்டம் கட்டமாக உடைகிறது. இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியவில்லை. தரம் குறையாமல் மாற்ற வழி உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: குறை தங்கள் டிவியிலும் இல்லை, வட்டிலும் இல்லை, அந்த 700 எம்பி என்ற அளவில்தான் இருக்கிறது. ஒரு படத்தை ஒரு சிடிக்குள் அடக்க வேண்டியிருந்த காலத்தில் புழக்கத்துக்கு வந்த அளவு அது. சிடியில் யாரும் படம் பார்க்காத இந்தக் காலத்திலும் அந்த எண் மட்டும் கடைகளில் வழக்கமாக நின்றுவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விவரம் விளங்கும். இரண்டரை மணி நேரப் படத்தை 700 எம்பிக்குள் வைத்தால், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து ஒரு நொடிக்கு ஏறத்தாழ 620 கிலோபிட் தரவு மட்டுமே கிடைக்கும். அதே படம் 4.7 ஜிபி கொள்ளும் ஒற்றை அடுக்கு டிவிடியை நிறைத்திருந்தால் நொடிக்கு 4,180 கிலோபிட் அளவிலும், 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடியை நிறைத்திருந்தால் 7,500 கிலோபிட்டுக்குச் சற்று மேலும் இருந்திருக்கும். டிவிடியில் பயன்படும் எம்பெக்-2 முறையைவிடப் பின்னால் வந்த ஹெச்.264 முறை ஏறத்தாழப் பாதி அளவிலேயே அதே தரத்தைத் தரக்கூடியது என்பது உண்மைதான். ஆனால் ஏழில் ஒரு பங்காகவும் பன்னிரண்டில் ஒரு பங்காகவும் சுருக்கினால் அந்தத் திறமையும் கைகொடுக்காது. முதலில் பலியாவது இருட்டுக் காட்சிகளும், கூட்டமும் ஆட்டமும் நிறைந்த பாடல் காட்சிகளும்தான்.

டிவிடியில் இருக்கும் படமே ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மறு என்கோடிங்கை, அதாவது படத்தை மறுபடி சுருக்கிப் பதிவதை, எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் வட்டில் இருப்பதைவிட ஒரு துளிகூடத் தரம் கூடாது. எவ்வளவு குறைவாக இழக்கிறோம் என்பதே அங்கு நம் கையில் இருக்கிறது. ஆகையால் என் முதல் யோசனை, மறு என்கோடிங் செய்யாமலே தொடங்குங்கள் என்பதாகும். யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஒரு டிவிடி டிரைவை வாங்கி, ஒவ்வொரு வட்டையும் அப்படியே முழு நகலாக, ஐஎஸ்ஓ கோப்பாக, வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். நாற்பது வட்டும் இரட்டை அடுக்காகவே இருந்தாலும் 340 ஜிபிக்கு மேல் போகாது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் பாதிகூட நிரம்பாது. விஎல்சி போன்ற மென்பொருள் அந்தக் கோப்பை மெனு உட்பட வட்டைப் போலவே இயக்கும். இப்படி எடுத்த நகலில் இழப்பு என்பதே கிடையாது.

டிவியில் பென் டிரைவைச் செருகிப் பார்க்க ஐஎஸ்ஓ கோப்பு உதவாது என்பதால், பார்ப்பதற்கென்று இன்னொரு பிரதி தேவைப்படும். மறு என்கோடிங் வேண்டியிருப்பது அதற்கு மட்டுமே. இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் இதற்குப் போதுமானது. அதில் இறுதிக் கோப்பு எத்தனை எம்பி இருக்க வேண்டும் என்று கேட்பதற்குப் பதிலாக, எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் வசதி உண்டு. ஆர்எஃப் என்று குறிக்கப்படும் அந்த எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். டிவிடி அளவுள்ள படத்துக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. பெரிய டிவியில் பார்ப்பவர்கள் 18 அல்லது 19 வைப்பதே நல்லது என்பேன். அந்த எண்ணை ஆறு குறைத்தால் கோப்பின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும் என்பதால், ஆசைக்கு 10, 12 என்று வைப்பதில் பொருளில்லை. 18 அல்லது 19இல் ஒரு தமிழ்ப் படம் பெரும்பாலும் 1 முதல் 2 ஜிபிக்குள் முடியும். பாட்டும் சண்டையும் மிகுந்த படம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நான்கு சுவருக்குள் பேச்சாகவே நடக்கும் படம் குறைவாக எடுத்துக்கொள்ளும். கடைக்காரர் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு என்று வைத்ததில் இந்த வேறுபாடுதான் அடிபட்டுப் போயிற்று.

வேகத்துக்கான அமைப்பை, கணினி பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு, 'ஸ்லோ' என்பதில் வையுங்கள். கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு அதே அளவுக்குள் மேலும் நன்றாகச் சுருக்கும். இரவில் தொடங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.

படத்தின் அளவைப் பற்றி ஒரு விவரம். பால் (PAL) என்ற நம் நாட்டு டிவி முறைப்படி அமைந்த டிவிடியில் படம் 720 பிக்சல் அகலமும் 576 பிக்சல் உயரமும் கொண்டதாகப் பதிவாகிறது. அகலத்திரைப் படமானால் டிவி அதை 1024க்கு 576 என்ற வடிவத்துக்கு இழுத்துக் காட்டும். பழைய சதுர வடிவப் படமானால் 768க்கு 576 என்று காட்டும். இந்த இழுப்பைச் சரியாகக் கோப்பில் குறித்து வைக்காவிட்டால், நடிகர்கள் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள் அல்லது பருத்துவிடுவார்கள். ஹேண்ட்பிரேக்கில் அனமார்ஃபிக் என்ற அமைப்பைத் தானியங்கியாக விட்டுவிட்டால் போதும். மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டைகளை அதுவே வெட்டிவிடும்; ஆனாலும் முதல் சில நிமிடங்களைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. சினிமாஸ்கோப் படம் அகலத்திரை வட்டில் வந்திருந்தால் 576 வரிகளில் 436 வரிகள் படத்துக்குப் பயன்படும். சதுர வடிவ வட்டில் பட்டையோடு வந்திருந்தால் 327 வரிகள்தாம் மிஞ்சும். தங்களிடம் உள்ள சில படங்கள் மட்டும் எப்போதுமே மங்கலாகத் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை.

ஒலியைத் தொடவே வேண்டாம். வட்டில் டால்பி டிஜிட்டல் ஒலி அதிகபட்சம் நொடிக்கு 448 கிலோபிட்தான் எடுத்துக்கொள்கிறது. 'பாஸ்த்ரூ' என்று தேர்ந்தெடுத்தால் அது மாறாமல் அப்படியே புதிய கோப்பில் வந்து சேரும்.

கேள்வி: 2004இல் நடந்த என் திருமணத்தின் டிவிடியை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினோம். யாராவது கையை அசைத்தாலோ, கேமரா திரும்பினாலோ, ஓரங்களில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரிகின்றன. வட்டைப் போட்டுப் பார்த்தால் அவை இல்லை.
— வாசகி, தென்காசி

பதில்: அக்காலத் திருமண வீடியோக்கள் இன்டர்லேஸ் முறையில் எடுக்கப்பட்டவை. நொடிக்கு 25 படங்கள் என்று சொன்னாலும், உண்மையில் நொடிக்கு 50 முறை பாதிப் பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவையும் இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவையும், பதிவு நடந்திருக்கும். இரண்டு பாதிக்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி இருப்பதால், அதற்குள் நகர்ந்துவிட்ட கை இரண்டு இடங்களில் பதிவாகிறது. பழைய குழாய் டிவி அவற்றை வந்த வரிசையிலேயே காட்டியது. டிவிடி பிளேயரும் இன்றைய டிவியும் சேர்ந்து அதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. தங்களுக்கு மாற்றித் தந்தவர் இரண்டு பாதியையும் ஒட்டி ஒரே படமாக்கி என்கோடிங் செய்துவிட்டார். அப்படி ஒட்டிப் பதிந்த கோடுகளைப் பின்னால் நீக்குவது கடினம் என்பதால், மறுபடியும் வட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிஃப் என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, அதில் 'பாப்' என்ற வகையை வைத்து, வெளியீட்டு வேகத்தை நொடிக்கு 50 படம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாதியும் தனித்தனி முழுப் படமாகும். நாதஸ்வரக்காரரின் விரலோட்டம்கூட நேரில் பார்ப்பது போன்ற வழுக்கலோடு வரும். 25 படமாகக் குறைத்தாலும் கோடு போய்விடும், ஆனால் அசைவின் பாதி விவரமும் சேர்ந்தே போய்விடும். வேலை முடிந்த பின் படம் முன்னும் பின்னுமாகத் துடிப்பதுபோல் தெரிந்தால், எந்தப் பாதி முதலில் வர வேண்டும் என்ற வரிசை தலைகீழாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று பொருள்; மினிடிவி (MiniDV) என்ற சிறு நாடாவில் பதியும் கேமராவில் எடுத்து டிவிடியாக்கிய வட்டுகளில் இது நேர்வதுண்டு.

இதையே திரைப்பட வட்டுகளுக்குச் செய்துவிடாதீர்கள். திரைப்படம் நொடிக்கு 24 முழுப் படங்களாக எடுக்கப்படுவது. பால் முறை டிவிடிக்காக அதைச் சற்று வேகப்படுத்தி 25 ஆக்குகிறார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிவதும், பாடல்களின் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிக் கேட்பதும் அதனால்தான். அவ்வகை வட்டில் நீக்குவதற்குக் கோடுகளே இருக்காது. வேண்டாத வடிகட்டி கூர்மையைத்தான் குறைக்கும். அமெரிக்கா போன்ற நாடுகளின் டிவி முறையான என்டிஎஸ்சியில் வெளியான தமிழ்ப் பட டிவிடிகளும் உண்டு. அவற்றில் 24 படத்தை 30க்கு நிரப்பச் சில பாதிகள் திரும்பத் திரும்பச் செருகப்பட்டிருக்கும். அதற்கு டீடெலிசைன் என்ற வேறு வடிகட்டி இருக்கிறது.

கேள்வி: மூன்று படங்கள் ஒரே டிவிடியில் இருக்கும் வட்டுகள் பல என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன ஆர்எஃப் எண் வைக்கலாம்?
— வாசகர், ஆலங்குளம்

பதில்: ஏழரை மணி நேரப் படத்தை 4.7 ஜிபிக்குள் அடைத்தால் நொடிக்கு 1,400 கிலோபிட் அளவுதான் தேறும். எம்பெக்-2 முறைக்கு அது போதவே போதாது. பிழிந்த கரும்பை மறுபடி ஆலையில் கொடுக்க வேண்டாம். அவற்றை மறு என்கோடிங் செய்யாமல் அப்படியே நகலெடுத்து வையுங்கள். அந்தப் படங்கள் தனித்தனி வட்டாகவோ இணையத்தில் முறையான வெளியீடாகவோ கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடையை 2006இல் வீடியோ எடுத்து டிவிடியாக வைத்திருக்கிறோம். அன்று வில்லுப்பாட்டுப் பாடிய புலவரும், மகுடம் அடித்த கணியான் கூத்துக்காரரும் இன்று இல்லை. ஊரில் இருப்பது இந்த ஒரு வட்டுதான். கணினியில் ஏற்றிச் சுருக்கியபோது தீப்பந்தக் காட்சிகள் எல்லாம் கறுப்புக் கட்டங்களாகிவிட்டன. அண்ணாச்சி, இதை எப்படிக் காப்பாற்றுவது?
— கொடை விழாக் குழுவைச் சேர்ந்த இளைஞர், திசையன்விளை

பதில்: தம்பி, முதலில் அந்த வட்டை முழு ஐஎஸ்ஓ நகலாக எடுத்து, அந்த நகலை வெவ்வேறு வீடுகளில் இருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள், கூடுமானால் இணையச் சேமிப்பிலும் ஒன்று இருக்கட்டும். அது முடியும் வரை வேறு எந்த வேலையையும் தொடங்க வேண்டாம். கடையில் திரும்ப வாங்கக்கூடிய திரைப்பட வட்டும் ஊருக்கு ஒன்றாக இருக்கும் கொடை வட்டும் ஒரே கணக்கில் வராது. நகலெடுத்த பிறகும் அந்த வட்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

இப்போது தீப்பந்தத்துக்கு வருவோம். நள்ளிரவுப் பூசையில் டியூப்லைட்டும் பந்தமும் தவிர வெளிச்சம் இல்லாத இடத்தில் எடுத்த படத்தில், இருட்டுப் பகுதி முழுவதும் புள்ளிப் புள்ளியாக ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். அது வெளிச்சம் போதாமல் கேமரா தடுமாறியதால் படத்தில் எழும் இரைச்சல். ஆனால் படத்தைச் சுருக்கும் என்கோடருக்கு அது இரைச்சல் என்று தெரியாது. ஒவ்வொரு நொடியும் மாறும் அந்தப் புள்ளிகளை எல்லாம் பதிய முயன்று பிட்டுகளைச் செலவழித்துவிட்டு, பற்றாக்குறை வரும்போது இருட்டை மொத்தமாகக் கட்டங்களாக்கி வைத்துவிடும். சாமியாடுபவர் பந்தத்தோடு வேட்டைக்குப் புறப்படும் காட்சியில் சுடரும் நகர்ந்து, ஆளும் நகர்ந்து, கேமராவும் ஓடும். ஒரு வீட்டு வீடியோவில் இதைவிடக் கடினமான காட்சி அமைவது அரிது.

இதற்கு ஆர்எஃப் எண்ணை 16 அளவுக்கு இறக்குங்கள். கோப்பு வட்டின் அளவையே நெருங்கினாலும் கவலைப்பட வேண்டாம். என்கோடரின் கூடுதல் அமைப்புகளில் ஏக்யூ மோட் என்று ஒன்று இருக்கிறது. அதை 3 என்று வைத்தால் இருண்ட பகுதிகளுக்குக் கூடுதல் பிட்டுகளை ஒதுக்கும். எட்டு பிட்டுக்குப் பதிலாக, ஒளியின் ஏற்ற இறக்கத்தை மேலும் நுணுக்கமாகப் பதியும் பத்து பிட் என்கோடிங்கைத் தேர்ந்தெடுத்தால், பந்தத்தைச் சுற்றி ஒளி மெல்ல மங்கி இருளில் கரையும் இடத்தில் வளையம் வளையமாகத் தெரிவது குறையும். தங்கள் டிவி பத்து பிட் கோப்பை இயக்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சலை நீக்கும் வடிகட்டியை மிக லேசான அளவில் போடலாம். அளவு மிஞ்சினால் புள்ளிகளோடு சேர்ந்து சாமியாடியின் முகத்துச் சந்தனமும் வேர்வையும் அழிந்து, வழவழவென்ற பொம்மை முகம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், ஆவணமாக நிற்கப் போகும் பிரதியில் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன். ஊர்ப் பிள்ளைகள் கைபேசியில் பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் இரைச்சலை நீக்கிக்கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டைப் பொறுத்தவரை ஒலியே பாதி ஆவணம். வில்லின் மணிகளும் உடுக்கையும் குடத்தின் அடியும் ஒருசேர விழும் இடத்தில், நொடிக்குக் குறைந்த கிலோபிட்டில் மாற்றிய ஒலி சலசலவென்று கலங்கிவிடும். ஆகவே பாஸ்த்ரூ. கூடவே, பாடிய கதை எது, புலவர் யார், எந்த ஆண்டுக் கொடை என்ற விவரங்களை ஓர் எழுத்துக்கோப்பில் தட்டச்சு செய்து வீடியோவோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். அவற்றைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: என் தகப்பனார் பழைய டிவிடி பிளேயரை விட்டு நகர மறுக்கிறார். இரட்டை அடுக்கு வட்டில் உள்ள படத்தைச் சாதாரண 4.7 ஜிபி வட்டில் அடக்க, தரம் குறையாத வழி என்ன?
— வாசகர், கடையநல்லூர்

பதில்: பழைய டிவிடி பிளேயர் ஹெச்.264 முறையை அறியாது என்பதால், இங்கே எம்பெக்-2 முறையிலேயே நிற்க வேண்டும். சுருக்குவதற்கு முன், படத்தோடு வந்திருக்கும் விளம்பர முன்னோட்டங்களையும் கூடுதல் ஒலித்தடங்களையும் நீக்கிப் பாருங்கள். சில வட்டுகள் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால், நம் படங்களுக்கு மட்டும் வாய்த்த ஒரு வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இடைவேளையில் படத்தை இரண்டாக வெட்டி, இரண்டு வட்டுகளில் எழுதுங்கள். 8.5 ஜிபியில் பாதி 4.25 ஜிபிதான், இடைவேளை ஏறக்குறைய நடுவில் விழுந்தால் மறு என்கோடிங்கே தேவைப்படாது, ஒரு பிட்டும் குறையாது. தகப்பனாரும் எழுந்து காப்பி குடித்துவிட்டு வரலாம்.

ஒரே வட்டில்தான் வேண்டும் என்றால், 160 நிமிடப் படத்துக்கு ஒலி போக நொடிக்கு 3,450 கிலோபிட் அளவு கிடைக்கும். இறுதி அளவு நிலையாக இருக்க வேண்டிய இந்த ஓரிடத்தில் தர எண் முறை பொருந்தாது. படம் முழுவதையும் முதலில் ஒருமுறை அலசிவிட்டு, இரண்டாம் முறையில் பிட்டுகளைப் பங்கிடும் இருசுற்று முறையே சரி. இருக்கும் எம்பெக்-2 படத்தைப் பிரிக்காமலே மேலோட்டமாகச் சுருக்கும் விரைவு மென்பொருள்கள் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. அவை சிறிதளவு சுருக்கத்துக்குப் பரவாயில்லை, பாதியாகக் குறைப்பதற்கு ஆகாது.

கேள்வி: ஹெச்.264, ஹெச்.265: எது நல்லது? கிராஃபிக்ஸ் கார்டை வைத்து வேகமாகச் செய்யலாமா?
— கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

பதில்: டிவிடி அளவுப் படத்துக்கு ஹெச்.264 போதும், பழைய டிவிகளும் அதை இயக்கும். ப்ளூரே வட்டுகளை மாற்றுவதானால் அதற்குப் பின்னால் வந்த ஹெச்.265 முறை இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் நேரம் கூடுதலாகும். கிராஃபிக்ஸ் கார்டின் என்கோடர் பல மடங்கு வேகமாக முடித்துவிடும். ஒரே அளவுக் கோப்பில் ஒப்பிட்டால், பொறுமையாகச் செய்யும் மென்பொருள் என்கோடரின் தரமே பொதுவாக மேலானது. அவசரமில்லாத சேமிப்பு வேலைக்கு வேகத்தை நாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: பழைய டிவிடி படத்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு 4கே ஆக்கிச் சேமிக்கலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பார்ப்பதற்கு ஆக்கிக்கொள்ளுங்கள், சேமிப்பதற்கு வேண்டாம். இல்லாத விவரத்தை அந்த மென்பொருள் ஊகித்து வரைகிறது. அது வரையும் கண்ணும் பல்லும் அந்த நடிகருடையவை அல்ல. இன்னும் சில ஆண்டுகளில் அதைவிட நல்ல மென்பொருள் வரும்போது கொடுப்பதற்கு வட்டின் அசல் நகல் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: குற்றாலச் சாரல் காலம் வந்தாலே எங்கள் வீட்டு அலமாரியில் ஈரம் ஏறிவிடுகிறது. வட்டுகளின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சிலவற்றை நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது.
— வாசகர், செங்கோட்டை

பதில்: பூஞ்சை மேற்பரப்பில் மட்டும் இருந்தால் போய்விடும். நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு மிதமான சோப்புத் திரவம் கலந்து, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் தடத்தோடு இணைந்து ஓடி, தொடர்ச்சியாகப் பல பகுதிகளைப் படிக்கவிடாமல் செய்யும். டிவிடியில் பதிவடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் பாதுகாப்பாக இருக்கிறது. விசிடியிலோ அது பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தின் அடியில் மிக மெல்லிய பூச்சுக்குக் கீழே இருப்பதால், அடிப்பக்கத்தைவிட மேற்பக்கத்தில் விழும் கீறலே ஆபத்தானது. மணமக்கள் படம் ஒட்டிய வட்டுகளிலிருந்து அந்த ஸ்டிக்கரை உரிக்கவும் முயலாதீர்கள்.

நகலெடுப்பது பாதியில் நின்றால், ஜிஎன்யூ டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைத் தனிக் கோப்பில் குறித்து வைப்பதால், அதே வேலையை வேறொரு டிவிடி டிரைவில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடப்பதுதான். நகலெடுக்க விடாத தொழில்நுட்பப் பூட்டுடன் வந்த திரைப்பட வட்டுகளுக்கு இது தீர்வாகாது. மற்றபடி, வட்டுகளை உறையில் திணிக்காமல் பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாத, வெளிச்சுவரை ஒட்டாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய படத்தை நகலெடுப்பது சட்டப்படி தவறா? திருமண வீடியோவின் உரிமை ஸ்டுடியோக்காரருக்கா, எங்களுக்கா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் கையாள்வதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் ஒரு படைப்பின் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு நோக்கத்துக்காகச் செய்வதை அதே பிரிவு விலக்கியும் வைத்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் பூட்டைத் திறக்காது. திறக்கும் வழிகளை இந்தப் பகுதியில் எழுதப் போவதும் இல்லை. எடுத்த நகலை நண்பர்களுக்குப் பகிர்ந்தாலோ, பேருந்தில் ஓட்டினாலோ, கொடைத் திடலில் திரை கட்டிக் காட்டினாலோ, அது சொந்தப் பயன்பாடு ஆகாது என்பதில் ஐயமில்லை. தங்களைப் பொறுத்த முடிவுக்கு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வதே முறை.

திருமண வீடியோவில் சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது. பணம் கொடுத்து ஒருவருடைய வேண்டுகோளின் பேரில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாத வரையில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு கூறுகிறது. அதில் ஸ்டுடியோக்காரர் சேர்த்த சினிமாப் பாட்டுகளின் உரிமை மட்டும் வேறொருவருடையது. யூடியூபில் ஏற்றினால் அந்த இடங்களில் ஒலி முடக்கப்படக்கூடும்.

கேள்வி: மாற்றிய கோப்பில் ஆங்கிலத் துணையுரை வரவில்லை. எம்பி4 ஆக மாற்றினேன்.
— வாசகர், நாங்குநேரி

பதில்: டிவிடியின் துணையுரை எழுத்தாக இல்லாமல் சிறு சிறு படங்களாகப் பதிவானது. எம்பி4 கோப்பில் அவ்வகைத் துணையுரை தனித்தடமாகச் சரிவரத் தெரியாமல் போகலாம். படத்தின் மேலேயே நிரந்தரமாகப் பதித்துவிடுவது ஒரு வழி. கோப்பு வகையை எம்கேவி என்று மாற்றிக்கொண்டால் துணையுரை தனித்தடமாகவே வரும். வேண்டும்போது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம். டிவி எம்கேவியை இயக்குமா என்பதை ஒரு சிறிய கோப்பை வைத்து முதலில் சோதித்துவிட்டு, அதன் பிறகு எல்லா வட்டுகளையும் தொடங்குங்கள்.